பால் சுண்டும் நேரம்

5 லிட்டர் பசும்பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் கோவா கிடைக்கும். பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர். ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை அடுப்பை விட்டு யாராவது ஒருவர் நகராமல் இருக்க வேண்டும். முதலில் பொங்கி வழியாமல் பார்க்க வேண்டும். பிறகு அடிப்பிடிக்காமல் பார்க்க வேண்டும். கடைசி அரை மணி நேரம் கரண்டியை நிறுத்தவே கூடாது. கெட்டிப்பட்ட பால் கொப்பளித்துப் புறங்கையில் தெறிக்கும். துடைத்துக்கொண்டே கிண்ட வேண்டும். எங்கள் வீட்டு விறகடுப்பில் இதற்கு நாலு மணி நேரம் ஆகும். கேஸ் அடுப்பில், வாய் அகன்ற வாணலி இருந்தால், அதில் கொஞ்சம் குறையும்.

தீபாவளிக்கு முதல் நாள் செலவாகும் இந்த நாலு மணி நேரம் யாருடையது? சாப்பிடுகிறவர்கள் பால் என்ன விலை, சர்க்கரை என்ன விலை என்று கேட்பார்கள். நேரத்துக்கு விலை கேட்டவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த நேரத்தின் வரலாற்றைத் தேடிப் பார்க்கிற முயற்சி.

நான் இருப்பது அரியாங்குப்பத்தில். வரலாறு என்றால் எங்கள் ஊருக்குப் பஞ்சமில்லை. ஊருக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அதன் முக்கியத்துவத்தை உலகுக்குச் சொன்னார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள், இத்தாலியச் சிவப்புக் கிண்ணங்கள், கண்ணாடி மணிகள் எல்லாம் கிடைத்தன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதைப் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பக்கத்து வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு வடம் பிடிக்கப் பிரெஞ்சு ஆளுநர் வந்த கதையும் எங்களுக்குத் தெரியும். இன்றுவரை துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. தெருவில் நடந்த திருவிழாவுக்குப் பதிவு இருக்கிறது. அதே திருவிழாவுக்காக அடுப்படியில் நடந்ததற்குப் பதிவு கிடையாது. அதை வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. பழைய பாட்டில், கல்வெட்டில், சமையல் புத்தகத்தில், பால் சொசைட்டியின் பாஸ்புக்கில்.

பழைய பாட்டிலிருந்து தொடங்கலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. தொண்டை மண்டலம் எங்களுக்கு அக்கம்பக்கம்தான். அதில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிரைக் கடைகிறாள். மோர்ப்பானையைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு போய் விற்று, கிடைக்கிற தானியத்தில் வீட்டார் எல்லோருக்கும் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். அதற்குப் பதில் எருமையாகவும் பசுவாகவும் கன்றாகவும் பெற்றுக்கொள்கிறாள். வங்கியில் கடன் கேட்கும் பெண்ணிடம் இன்று தொழில் திட்டம் கேட்கிறார்களே, இவள் வைத்திருந்ததும் ஒரு தொழில் திட்டம்தான். பால், தயிர், நெய் என்று ஒவ்வொரு படியிலும் தன் உழைப்பைச் சேர்க்கிறாள். வந்ததை நகையாக்கி முடக்காமல் மறுபடி மாட்டில் போடுகிறாள். பேரம் பேசுகிறவளும் அவள்தான், முடிவெடுக்கிறவளும் அவள்தான்.

இன்னொருத்தி குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் வருகிறாள். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்தவள் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையைக் கட்டியிருந்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிக்கிறதென்று சொல்லிச் சாப்பிட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பாடத்தில் இதை இல்லறத்தின் இனிமை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டு அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்மகளின் உழைப்புக்குக் கூலியாக மாடு வருகிறது. இவளுடைய உழைப்புக்குக் கூலியாக ஒரு சொல் வருகிறது. பிற்காலம் எங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டியது இரண்டாமவளைத்தான். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு 'நல்லா இருக்கு' என்ற சொல்லே போதும் என்ற எண்ணம் இந்த வழியாகத்தான் கெட்டிப்பட்டது.

அடுத்தது கோயில். பாலும் நெய்யும் பெருமளவில் சேர்ந்த இடம் அதுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு. கால்நடையைப் பெற்றுக்கொண்ட இடையர், விளக்கொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த இடையர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. பாலைத் தோய்த்து, கடைந்து, வெண்ணெயை உருக்கிய கைகள் யாருடையவை என்று கல் சொல்வதில்லை. பெண் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கமே அப்போது இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசையோடு வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் உண்டு. நெல் அளக்கப்பட்ட வேலைக்குப் பெயரும் எழுதப்பட்டது. வீட்டுக்குள் நடந்த வேலைக்கு இரண்டும் இல்லை.

பால் இனிப்பு என்றதும் வைணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அக்காரவடிசில். அரிசியைப் பாலிலேயே குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது. மார்கழி 27-ஆம் நாள், கூடாரவல்லி அன்று செய்வார்கள். இதைக் கேட்டவள் ஒரு பெண், ஆண்டாள். தன் விருப்பம் நிறைவேறினால் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைய அக்காரவடிசிலும் தருவதாக மாலிருஞ்சோலை அழகருக்கு நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொள்கிறாள். தடா என்றால் பெரிய பானை. வேண்டுதலை அவள் நிறைவேற்றவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. அவருக்குக் 'கோயில் அண்ணன்' என்ற பெயர் வந்தது. ஆசைப்பட்டவள் பெயர் பாட்டில் நிற்கிறது, படைத்தவர் பெயர் மரபில் நிற்கிறது. நூறு பானைப் பாலைக் கிளறியவர்கள் யார்? பெருங்கோயில்களில் மடைப்பள்ளிக்குள் நின்று சமைக்கிறவர்கள் ஆண்கள். மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களை வெளியே நிறுத்தினார்கள். வீட்டில் 365 நாளும் சமைக்கிறவளின் கை, அதே பாலும் அரிசியும் பிரசாதம் ஆகும்போது ஆகாத கையாகிவிடுகிறது. கல்யாணச் சமையலிலும் மிட்டாய்க் கடையிலும் நடந்தது இதுவே. மதிப்போ சம்பளமோ வந்த இடத்தில் கரண்டி ஆண் கைக்குப் போயிருக்கிறது.

பால் இனிப்பு எல்லார் வீட்டிலும் இருந்தது என்று சொல்வது இன்னொரு பொய். 'பாரம்பரியப் பால் பலகாரம்' என்று சொல்கிறவர்கள் யாருடைய பாரம்பரியம் என்று சொல்வதில்லை. அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த சக்வாரா என்ற ஊரில் நடந்ததைக் குறிப்பிடுகிறார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் யாத்திரை போய் வந்த பிறகு தம் மக்களுக்கு விருந்து வைத்தார். பலகாரங்களில் நெய் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காக ஊர்ச் சாதி இந்துக்கள் தடியோடு வந்து விருந்தைச் சூறையாடி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். அங்கே பாலும் நெய்யும் ருசிக்காகச் சேர்க்கிற பொருளாக மட்டும் இருக்கவில்லை. யார் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று காட்டுகிற எல்லைக்கோடாகவும் இருந்தன.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் பண்டிகை இனிப்பு என்றால் அதிரசம், சுழியம், கொழுக்கட்டை. அரிசி மாவும் வெல்லமும்தான். மாடு வைத்திருந்த வீட்டிலும் பால் விற்பதற்குத்தான். குடிப்பதற்கு மோர், டீக்கு ஒரு ஆழாக்கு. பாலைச் சுண்டவைத்துத் தின்பது என்பது காசை அடுப்பில் போடுவது மாதிரி.

ஆனாலும் எங்கள் வீட்டிலும் ஒரு பால் இனிப்பு இருந்தது. சீம்பால். மாடு கன்று போட்ட முதல் மூன்று நாலு நாள் பால் மஞ்சளாக, கெட்டியாக வரும். கொதிக்கவைத்தால் திரிந்துவிடும். அதனால் சொசைட்டியில் வாங்க மாட்டார்கள், டீக்கடைக்காரரும் வாங்க மாட்டார். கன்றுக்குப் போக மீந்தது வீட்டுக்கு. ஆயா அதில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் பொடித்துத் தூவி, இட்லிப் பானையில் ஆவியில் வைப்பார்கள். அரை மணி நேரத்தில் கட்டிக் கொழுக்கென்று ஆகிவிடும். கிண்ட வேண்டாம், காவல் இருக்க வேண்டாம். துண்டு போட்டுத் தூக்குவாளியில் வைத்துத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார்கள். வருஷத்தில் ஆயா தன் இஷ்டத்துக்குச் செலவழித்த ஒரே பால் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. சந்தைக்கு வேண்டாத பாலில் மட்டும் பெண்ணுக்கு முழு உரிமை இருந்தது.

அந்தத் தூக்குவாளிக்கும் எல்லை இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் தெரு முனையோடு அது திரும்பிவிடும். அதே மாட்டுக்குத் தினமும் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்த அக்காவின் தெருவுக்கு ஒரு நாளும் போனதில்லை. அவர் சாணம் அள்ளலாம், புல் போடலாம், மடியைத் தொடக்கூடாது. பெண்ணின் உழைப்பு கணக்கில் வரவில்லை என்று பேசுகிற நாம், அவருடைய உழைப்பு இரண்டு தடவை கணக்கில் வராமல் போனதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

திரட்டுப்பாலுக்கு வேறு கதை. பால் வற்றித் திரண்டு வருவதால் அந்தப் பெயர். பிராமண வீடுகளில் கல்யாணச் சீர் வரிசையில் அது இல்லாமல் இருக்காது. பெண் வீட்டார் கொடுப்பது. படிப்படியாகப் பால் வாங்கி, பெண்ணின் அம்மாவும் அத்தைகளும் உருளியைச் சுற்றி உட்கார்ந்து கிளறி, சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். வரதட்சணை பற்றிப் பேசும்போது நகையும் ரொக்கமும் கணக்கில் வருகின்றன. சீர் பட்சணத்துக்காக ஒரு வீட்டுப் பெண்கள் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்த உழைப்பை யாரும் அந்தக் கணக்கில் எழுதியதில்லை.

இந்தக் கைவேலையை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவையை மங்கல காரியங்களில் முன்னால் வரவிடாத சமூகம் அது. அவரிடம் சமையல் சந்தேகம் கேட்டு உறவினர்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கச் சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951-ல் 'சமைத்துப் பார்' வந்தது. எத்தனையோ கல்யாணங்களில் அந்தப் புத்தகம் சீரோடு சேர்ந்து புக்ககம் போயிருக்கிறது. அது ஒரு சாதியின் அடுப்படி மட்டும்தான், அந்த விமர்சனம் எனக்கும் உண்டு. ஆனால் பேர் தெரியாத கைப்பக்குவத்துக்கு ஒரு பெண் தன் பெயரைப் போட்டு விலைக்கு விற்றதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இனிப்பு உலகத்தில் அது அபூர்வம். வங்காளத்து ரசகுல்லா என்றால் 1868, நொபின் சந்திர தாஸ் என்று சொல்வார்கள். பெண் பெயர் தாங்கிய இனிப்பும் கல்கத்தாவில் ஒன்று இருக்கிறது, லெடிகெனி. அது செய்தவளின் பெயர் இல்லை. ஆங்கிலேய வைஸ்ராய் கேனிங்கின் மனைவி லேடி கேனிங்கின் பெயர்.

இனி சொசைட்டிக்கு வருகிறேன். 1946-ல் குஜராத்தின் கைராவில் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு தொடங்கினார்கள். 1955-ல் ஆனந்த் ஆலையில் எருமைப் பாலிலிருந்து பால்பவுடர் எடுத்துக் காட்டினார்கள். 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1998-ல் உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா ஆனது. எங்கள் புதுச்சேரியில் கூட்டுறவுப் பாலுக்குப் பாண்லே என்று பெயர். 'லே' என்றால் பிரெஞ்சில் பால். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் எங்கள் ஊர் காலையில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பால் வாங்குகிறது.

இந்தப் புரட்சியில் மாட்டைக் குளிப்பாட்டியது, தீனி வைத்தது, சாணம் அள்ளியது, பெரும்பாலும் கறந்ததும் பெண்கள். சங்க உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கள் வீட்டில் அம்மா விடியற்காலை நாலரை மணிக்குக் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு போய் அளந்துவிட்டு வருவார். பாஸ்புக் அப்பா பெயரில். பத்து நாளுக்கொரு முறை பணம் வாங்கப் போவது அப்பா. தீபாவளிக்கு ஊற்றிய பாலின் கணக்குப்படி போனஸ் வரும். அதுவும் அப்பா கைக்கு. அந்தப் பணத்தில் எங்களுக்குத் துணி வந்தது, பட்டாசு வந்தது. 'அப்பா வாங்கிக் கொடுத்தது' என்றுதான் நாங்கள் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒரு தடவை அம்மா புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டபோது, சங்கத்தில் இருந்தவர், "யார் பேர்ல இருந்தா என்னம்மா, பணம் உங்க வூட்டுக்குத்தானே வருது?" என்றாராம். அம்மா அதற்குச் சொன்ன பதில்: "அப்போ யார் பேர்ல இருந்தாலும் ஒண்ணுதானே, என் பேர்ல போடுங்க." போடவில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அதனால்தான் 1986-87-ல் மத்திய அரசு பெண்களுக்கான பயிற்சி, வேலைவாய்ப்புத் திட்டம் கொண்டுவந்தபோது பெண்கள் பால் கூட்டுறவு அதில் முக்கிய இடம் பிடித்தது. தமிழ்நாட்டில் மகளிர் பால் உற்பத்தியாளர் சங்கங்கள் வந்தன. தெலங்கானாவின் முல்கனூரில் பெண்களே சேர்ந்து பால்பண்ணை நடத்துகிறார்கள். பால் அளப்பதிலிருந்து விற்பது வரை நிர்வாகம் அவர்கள் கையில். ஆய்மகள் வைத்திருந்த உரிமை கூட்டாகத் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம். அங்கே அவள் ஒருத்தி பேரம் பேசினாள், இங்கே நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பேசுகிறார்கள்.

பாக்கெட் பாலும் கேஸ் அடுப்பும் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பால்கோவா செய்யும் பழக்கம் வந்தது. அப்புறம் பால்பவுடர் ஜாமூன், கேரட் அல்வா, பாசந்தி. பால் இனிப்பு எல்லார் வீட்டுக்கும் வந்தது நல்லதுதான். சக்வாராவில் தடியெடுத்தவர்களுக்கு அது ஒரு பதில். அதோடு இன்னொன்றும் வந்தது. அதிரசத்தோடு முடிந்திருந்த வேலை, அதிரசமும் பால்கோவாவும் என்று ஆனது. அடுப்பு வேகமானது, பட்டியல் நீண்டது. மிச்சமான நேரம் அம்மாவுக்கு ஓய்வாகக் கிடைக்கவில்லை, இன்னொரு பலகாரமாக மாறிப்போனது. பக்கத்து வீட்டில் இரண்டு வகை பால் இனிப்பு என்றால் நம் வீட்டில் ஒன்றாவது வேண்டும். கடையில் வாங்கினால், "கையால செய்யக்கூட நேரமில்லையா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வி வேலைக்குப் போகும் ஆணிடம் கேட்கப்படுவதில்லை.

இந்த நேரத்தை அளந்தவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதுவும் ஈடுபடும் ஆண்களே 100-க்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இது சாதாரண நாள் கணக்கு. பண்டிகைக்கு முதல் நாளை மட்டும் தனியாக எடுத்து எண்ணினால் எப்படி இருக்கும் என்று நம் வீட்டு அடுப்படியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

புதுச்சேரிக்காரர் ஒருவர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பாரதிதாசன். 1942-ல் வந்த 'குடும்ப விளக்கு' விடியலில் எழுந்து வீட்டை நடத்துகிற ஒரு பெண்ணைப் போற்றுகிற காவியம். அதைப் பல கல்யாணங்களில் மணமகளுக்குப் பரிசாகக் கொடுப்பார்கள். அதே நூலில், சமையலும் வீட்டு வேலையும் பெண்ணுக்கே என்று சொல்வது சரியில்லை, ஆண்களும் அவற்றை ஏற்க வேண்டும் என்ற கருத்தும் இருக்கிறது. 80 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விளக்கைப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மணமகனுக்குப் படித்துக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் சொன்னால், "அப்படியானால் வீட்டில் இனிப்பே செய்ய வேண்டாமா?" என்று கேட்பார்கள். என் அம்மாவே கேட்பார். அவருக்குப் பால்கோவா கிண்டப் பிடிக்கும். பாத்திரத்தின் அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அது கடகடக்கிற சத்தத்தை வைத்தே பால் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று பக்கத்து அறையிலிருந்து சொல்லுவார். பாதி சுண்டியபோது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் திரிதிரியாக வரும், விடாவிட்டால் வழவழவென்று வரும், யாருக்கு எது பிடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இது திறமை. இதில் சந்தோஷமும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பசும்பாலை விறகடுப்பில் கிண்டும் கைப்பக்குவம் அறிவாக, சொத்தாக அங்கீகரிக்கப்பட்டது. ஓர் ஊர் செய்தால் அறிவு, ஓர் அம்மா செய்தால் பாசம் என்று ஏன் பிரிக்க வேண்டும்? பாசம் என்று பெயர் வைத்த உடனே கூலி கேட்கும் வாய் அடைபட்டுவிடுகிறது. களைப்பைச் சொல்லும் வாயும் அடைபட்டுவிடுகிறது. அம்மாவுக்குக் கிண்டப் பிடிக்கிறது என்பதும், கிண்டாமல் இருக்க அவருக்கு வழியில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கிண்டாமல் இருக்கலாம் என்ற வழி திறந்திருந்தால்தான் பிடித்துச் செய்கிறாரா என்பதே நமக்குத் தெரியவரும்.

பொங்கலன்று ஒரு விநோதத்தைக் கவனித்திருப்பீர்கள். அன்று ஒரு நாள் மட்டும் பால் பொங்கி வழிந்தால் கொண்டாட்டம். "பால் பொங்கிச்சா?" என்று தெருவே விசாரிக்கும். மற்ற நாட்களில் பால் பொங்கினால் "எங்க பராக்குப் பாத்துட்டு இருந்த?" என்று திட்டு. வருஷம் முழுக்க ஒரு பெண்ணின் கவனம் அடுப்பிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆக, நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பால் ஊற்றுகிறவள் பெயரில் பாஸ்புக் இருக்கட்டும், போனஸ் அவள் கையில் வரட்டும். பலகாரப் பட்டியலைக் கிண்டப்போகிறவர்கள் முடிவு செய்யட்டும். கடையில் வாங்கினால் குற்றமில்லை, செய்தால் கடமையில்லை. வீட்டில் 5 லிட்டர் பால் சுண்ட வேண்டுமென்றால் நாலு மணி நேரத்தை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதில் இரண்டு பேராவது ஆண்களாக இருக்கட்டும். கொப்பளிக்கும் கடைசி அரை மணி நேரம் அவர்கள் பங்கில் வரட்டும், புறங்கையில் தெறித்தால்தான் சில விஷயங்கள் புரியும். தூக்குவாளி தெரு முனையைத் தாண்டிப் போகட்டும். தீபாவளிச் செலவை எழுதும் நோட்டில் பால், சர்க்கரை, ஏலக்காய் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் இன்னொன்றும் எழுதுங்கள்: கிண்டிய நேரம், கிண்டியவர் பெயர். பணம் கொடுக்கிறீர்களோ இல்லையோ, எழுதி வையுங்கள். நாளைக்கு இந்த ஊரின் வரலாற்றைத் தேடி வருகிறவளுக்கு ஒரு சாட்சியாவது கிடைக்கும்.